ஓவர்கம்: வென்ற பிறகு எழுத வேண்டிய வினைச்சொல்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மாலை நேரத்தில் எஸ்பிஎம், அதாவது படிவம் 5 முடிவில் எழுதும் அரசுத் தேர்வு, எழுதப் போகும் மாணவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். அவர்களுடைய கட்டுரைகளில் அதிகமாக அடிபடும் வினைச்சொல் எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன், ஓவர்கம் (overcome). சாலை நெரிசலா? ஓவர்கம். புகைமூட்டமா? ஓவர்கம். பள்ளியில் பகடிவதையா? அதற்கும் ஓவர்கம்தான். 'டு ஓவர்கம் திஸ் ப்ராப்ளம், த கவர்ன்மெண்ட் ஷுட்' என்று ஆரம்பித்துவிட்டால் மீதியைக் கை தானாக எழுதிவிடும்.

அதே பிள்ளையிடம், "நீ ஓவர்கம் செய்த ஒன்றைச் சொல்லேன்" என்றால் பதில் வராது. தலை குனிந்துவிடும். எனக்கு மனசு கேட்காத இடம் இதுதான். லிந்தாங் பக்கத்துத் தோட்டங்களில் இருந்து வரும் பிள்ளைகள் இவர்கள். அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறார், அம்மா உரம் போடுகிறார், பேருந்து வராத நாளில் யாராவது மோட்டாரில் கொண்டுவந்து விடுகிறார்கள். ஓவர்கம் என்ற சொல்லுக்கு இவர்களை விட உரிமை உள்ளவர்கள் குறைவு. ஆனால் அந்தச் சொல்லை அரசாங்கத்துக்குக் கொடுத்துவிட்டுத் தங்களுக்கு ஒன்றுமே வைத்துக்கொள்வதில்லை. இந்தச் சொல்லை எப்படி, எங்கே, எப்போது எழுதுவது என்பதை அவர்களுக்குச் சொல்லுவது போலவே இங்கே எழுதுகிறேன்.

முதலில் பொருள். இந்தச் சொல்லில் இரண்டு விஷயங்கள் அடங்கியிருக்கின்றன. ஒன்று உங்களைத் தடுத்து நின்றது. கடைசியில் நீங்கள் அதை ஜெயித்தீர்கள். இரண்டும் இருந்தால்தான் ஓவர்கம். தடை இருந்தது, இன்னும் போராடிக்கொண்டிருக்கிறேன் என்றால் 'ஐ ஓவர்கேம்' என்று எழுதக்கூடாது. பழைய ஆங்கிலம்-தமிழ் அகராதிகளில் 'மேற்கொள்' என்று பொருள் போட்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டு 'பயணம் மேற்கொண்டேன்' என்பதற்கெல்லாம் இந்தச் சொல்லை இழுக்காதீர்கள். அந்தக் காலத்தில் மேற்கொள் என்றால் வெல்வது என்றும் பொருள் இருந்தது, இன்றைய பேச்சில் அது போய்விட்டது. வெல், கடந்து வா, மீண்டு வா என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

நம் பிள்ளைகளுக்கு இதைப் புரியவைக்க மலாய் மொழி பெரிய உதவி. பள்ளியில் 'மெங்ஹடாப்பி', 'மெனாங்ஙானி', 'மெங்ஙாத்தாசி' என்ற மூன்றையும் படித்திருப்பார்கள். மெங்ஹடாப்பி என்றால் எதிர்கொள்வது, முகத்துக்கு நேரே நிற்பது. ஆங்கிலத்தில் ஃபேஸ். மெனாங்ஙானி என்றால் அதைக் கையில் எடுத்து ஏதாவது செய்வது. ஆங்கிலத்தில் டாக்கிள் அல்லது டீல் வித். மெங்ஙாத்தாசி என்பதற்குள் 'ஆத்தாஸ்' இருக்கிறது, அதாவது மேலே. பிரச்சினை கீழே போய்விட்டது, நீங்கள் மேலே வந்துவிட்டீர்கள். ஓவர்கம் என்பதிலும் ஓவர் இருக்கிறது, அதே மேலே. எழுதுவதற்கு முன் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள், நான் எந்தப் படியில் நிற்கிறேன்? முதல் படி என்றால் ஃபேஸ், நடுப் படி என்றால் டாக்கிள், மேலே ஏறியாகிவிட்டது என்றால் ஓவர்கம்.

ஆனால் ஒரு சிக்கலும் இந்த மலாய்ச் சொல்லில் இருந்துதான் வருகிறது. மலாய்க் கட்டுரையில் மெங்ஙாத்தாசி எல்லாவற்றுக்கும் பொருந்தும். நெரிசலை மெங்ஙாத்தாசி, வெள்ளத்தை மெங்ஙாத்தாசி, சமூகச் சீர்கேட்டை மெங்ஙாத்தாசி. பிள்ளைகள் அதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுவருகிறார்கள். 'டு ஓவர்கம் திஸ் ப்ராப்ளம்' இலக்கணப் பிழை இல்லை. எதிர்காலத்தில் ஜெயிக்கப் பார்க்கிறோம் என்ற பொருளில் சரிதான். ஆனால் எல்லோரும் எழுதுகிற வரி அது, அதற்குள் உங்கள் யோசனை ஒன்றும் இல்லை. நெரிசலுக்கு ரெட்யூஸ் அல்லது ஈஸ் போடுங்கள், குறைப்பது. திடீர் வெள்ளத்துக்கு ப்ரிவென்ட், தடுப்பது. பகடிவதைக்கு ஸ்டாப், நிறுத்துவது. கணக்குக்கும் புதிருக்கும் சால்வ், தீர்ப்பது. இப்படி மாற்றும்போது, உண்மையில் என்ன செய்யச் சொல்கிறோம் என்று நீங்களே யோசிக்க ஆரம்பிப்பீர்கள். கட்டுரை அங்கேயே பாதி தேறிவிடும்.

அடுத்தது ஃப்ரம். இதைத் தனியாக நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீட்டுத் தமிழே இந்தப் பிழையை ஊட்டுகிறது. 'பயத்திலிருந்து மீண்டேன்' என்கிறோம். அந்த 'இருந்து' மனதில் உட்கார்ந்துகொண்டு 'ஐ ஓவர்கேம் ஃப்ரம் மை ஃபியர்' என்று எழுத வைக்கிறது. ஓவர்கம் நேராகப் போய்ப் பொருளைத் தொடும், நடுவில் எதையும் வைக்காது. 'ஐ ஓவர்கேம் மை ஃபியர்', அவ்வளவுதான். தமிழில் யோசிப்பதாக இருந்தால் 'பயத்தை வென்றேன்' என்று யோசியுங்கள். 'ஐ' வேற்றுமை வந்துவிடும், ஃப்ரம் தானாக விழுந்துவிடும். ரிகவர் என்ற வினைக்குத்தான் ஃப்ரம் வேண்டும், காய்ச்சலில் இருந்து தேறுவது போல. மலாயிலும் இதே கதைதான். தேறுவதைச் சொல்லும் 'பூலிஹ்' என்றால் 'இருந்து' என்ற பொருளில் 'டாரிபாடா' சேரும், மெங்ஙாத்தாசிக்குச் சேராது. இரண்டு மொழியும் ஒரே பக்கம் நிற்கும்போது நாம் தமிழ் வாக்கியத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டால் போதும்.

சரி, எதை எல்லாம் ஓவர்கம் செய்யலாம்? பயம், கூச்சம், சந்தேகம், கஷ்டம், தடை, வறுமை, காயம், போதைப் பழக்கம், மற்றவர்களின் தப்பெண்ணம், எதிர்ப்பு. எதிராளியையும் செய்யலாம். விளையாட்டுச் செய்தியில் ஒரு குழு இன்னொரு குழுவை ஓவர்கேம் என்று வரும், கொஞ்சம் கம்பீரமான நடை அது. அறிவியலிலும் உண்டு. குலை ஏற்றிய தள்ளுவண்டியை நகர்த்த உராய்வை ஓவர்கம் செய்யும் விசை வேண்டும். இயற்பியல் பாடத்தில் 'டு ஓவர்கம் ஃப்ரிக்ஷன்' என்று வந்தால் அது இதே சொல்தான், இதே பொருள்தான். தடுக்கிற ஒன்றை மீறுவது.

கண்ணால் பார்க்கிற சுவரையும் ஆற்றையும் மலையையும் ஓவர்கம் செய்வதில்லை. சுவரை க்ளைம்ப் செய்யலாம், ஆற்றை க்ராஸ் செய்யலாம். 1997 மே 23 அன்று எம். மகேந்திரனும் என். மோகனதாசும் எவரெஸ்ட் உச்சியில் ஏறினார்கள். அந்த உச்சியைத் தொட்ட முதல் மலேசியர்கள் நம் தமிழர்கள் இருவர் என்பதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். அவர்கள் மலையை ஓவர்கேம் என்று எழுதக்கூடாது. மலையை க்ளைம்ப்ட், அல்லது கொஞ்சம் உயர்த்திச் சொல்ல கான்கர்ட். ஓவர்கேம் என்பது குளிருக்கும், மேலே போகப் போகக் குறைந்துகொண்டே வரும் காற்றுக்கும், உடம்பின் சோர்வுக்கும். ஏறியது மலையில், வென்றது அவற்றை. சர்மவுண்ட் என்று ஒரு சொல்லும் உண்டு, பிரெஞ்சு மொழி வழியாக வந்தது, அதற்குள் 'மேலே ஏறு' என்பது அப்படியே இருக்கிறது. தடைகளுக்கு அதையும் எழுதலாம். ஆனால் படிவம் 5 மாணவர் கட்டுரையில் அது கொஞ்சம் விறைப்பாக நிற்கும், நான் சிபாரிசு செய்வதில்லை.

வடிவங்களைச் சீக்கிரம் பார்த்துவிடுவோம். இன்று ஓவர்கம், நேற்று ஓவர்கேம், ஹேவ் அல்லது ஹேஸ் வந்தால் மறுபடியும் ஓவர்கம். 'ஹேவ் ஓவர்கேம்' தவறு. கம், கேம், கம் என்று தெரிந்தவருக்கு இது புதிதில்லை. பின்னால் 'ட்' ஒட்டி 'ஓவர்கம்ட்' என்று ஒரு வடிவம் கிடையாது. உச்சரிக்கும்போது அழுத்தம் 'கம்' மேல் விழ வேண்டும், நாம் பழக்கத்தில் 'ஓ' மேல் போடுகிறோம். மலாய் எழுத்துக்கூட்டிப் பழகிய பிள்ளைகள் சிலர் 'ஓவர்கோமே' என்று வாசிப்பார்கள். மலாயில் எழுதியிருப்பதை அப்படியே வாசிப்பார்கள், ஆங்கிலத்தில் அது நடக்காது. மூன்றாம் தாள் பேச்சுத் தேர்வுக்கு முன் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

இப்போது நான் நிதானமாகச் சொல்லிக்கொடுக்கும் பகுதிக்கு வருகிறேன். இந்தச் சொல்லைத் திருப்பிப் போட்டால் தோற்றவர் மாறிவிடுவார். 'ஷி ஓவர்கேம் ஹர் க்ரீஃப்' என்றால் அவள் துக்கத்தை வென்றாள். 'ஷி வாஸ் ஓவர்கம் வித் க்ரீஃப்' என்றால் துக்கம் அவளை வென்றது, அழுகையை அடக்க முடியாமல் நொறுங்கிப்போனாள். நடுவில் ஒரு 'வாஸ்' வந்ததும் பொருள் தலைகீழ். நான் பார்த்த ஒரு கட்டுரையில் தாத்தா இறந்த பிறகு பாட்டி எப்படித் தேறி எழுந்தார் என்று மாணவி அழகாக எழுதியிருந்தாள். கடைசி வரியில் 'ஷி வாஸ் ஓவர்கம் பை சாட்னெஸ்' என்று போட்டிருந்தாள். அவள் சொல்ல வந்தது பாட்டி ஜெயித்தார் என்று. வாக்கியம் சொன்னது பாட்டி தோற்றார் என்று. வாஸையும் பையையும் எடுத்துவிட்டு 'ஷி ஓவர்கேம் ஹர் சாட்னெஸ்' என்று மாற்றிய உடனே பாட்டி எழுந்து நின்றுவிட்டார். அந்த மாணவியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

இந்தத் தலைகீழ் வடிவத்தை ஒதுக்கவும் வேண்டாம், அதற்கு வேலை இருக்கிறது. உணர்ச்சி என்றால் பெரும்பாலும் வித் வரும், மகிழ்ச்சியாக இருந்தாலும் சரி, துக்கமாக இருந்தாலும் சரி. தேர்வு முடிவு வந்த அன்று அம்மா பேச முடியாமல் நின்றால் 'மை மதர் வாஸ் ஓவர்கம் வித் ஜாய்' என்று எழுதலாம், அங்கே தோற்பது இனிமையான தோல்வி. புகை, வெப்பம், விஷவாயு என்றால் பை வரும். லயத்து வீடு தீப்பற்றிய செய்தியில், தீயணைப்பு வீரர் 'வாஸ் ஓவர்கம் பை ஸ்மோக்' என்று இருந்தால் அவர் புகையில் மயங்கிவிட்டார் என்று பொருள். புகையை வென்றார் என்று படித்துவிட்டு மகிழ்ச்சியடையாதீர்கள். வாசிப்புத் தாளில் இப்படி ஒரு வரி வந்தால் கேள்வியின் விடையே மாறிப்போகும்.

பக்கத்துச் சொற்களோடு வைத்துப் பார்த்தால் எல்லை இன்னும் தெளிவாகும். நம் நாட்டு ஸ்குவாஷ் வீராங்கனை எஸ். சிவசங்கரியை எடுத்துக்கொள்வோம். 2022 ஜூனில் கார் விபத்து, முகத்தில் காயம், கழுத்துப் பகுதி முதுகெலும்பில் முறிவு. அடுத்த ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஸ்குவாஷ் பெண்கள் ஒற்றையர் தங்கம். இதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் பிள்ளைகள் 'ஷி ஓவர்கேம் த ஆக்சிடென்ட்' என்கிறார்கள். விபத்தை யாரும் வெல்வதில்லை. விபத்தில் இருந்து பிழைப்பார்கள், அது சர்வைவ். காயத்தில் இருந்து தேறுவார்கள், அது ரிகவர் ஃப்ரம். மறுபடி ஆட முடியுமா என்ற சந்தேகத்தையும், மைதானத்தை விட்டு விலகி இருந்த பின்னடைவையும் வெல்வார்கள், அங்கே வருகிறது ஓவர்கம். ஒரே பெண்ணின் ஒரே கதையில் மூன்று வினைகளும் தத்தம் இடத்தில் நிற்கின்றன. 'ஷி ஓவர்கேம் எ சீரியஸ் இஞ்சுரி டு வின் கோல்ட்' என்று ஒரே வரியாகவும் சொல்லலாம், செய்தித்தாள் நடை அது.

கெட் ஓவர் என்பது ஓவர்கம்மின் வீட்டுப் பேச்சு வடிவம் மாதிரி. சளி, காதல் தோல்வி, ஏமாற்றம் இவற்றுக்கு அதுதான் இயல்பு. தோழிக்கு அனுப்பும் செய்தியில் ஓவர்கம் போட்டால் மேடைப் பேச்சு போல ஒலிக்கும். இரண்டாம் தாளின் முதல் பகுதி, நண்பருக்கு 80 சொல் அளவில் மின்னஞ்சல் எழுதும் பகுதி, அங்கே கெட் ஓவர் போதும். 200 முதல் 250 சொல் வரை எழுதும் கடைசிப் பகுதியில் ஓவர்கம்முக்கு இடம் உண்டு.

அப்புறம் ஓர் உள்ளூர்ச் செய்தி. மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் இதே ஊரில் பிறந்தவர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளர்களின் பணத்தைச் சேர்த்துத் தோட்டங்களை வாங்க 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். 'தொழிலாளர்கள் தோட்டத் துண்டாடலை ஓவர்கேம் செய்தார்கள்' என்று எழுதலாமா என்று வகுப்பில் கேட்பேன். நான் எழுதமாட்டேன். துண்டாடல் நின்றுவிடவில்லை, வேலையும் வீடும் இழந்த குடும்பங்கள் நிறைய. ஃபாட், ரெசிஸ்டட், போராடினார்கள், எதிர்த்து நின்றார்கள், இவை நேர்மையான சொற்கள். அந்தச் சங்கம் வாங்கிய தோட்டத்தில் வேலை நிலைத்த ஒரு குடும்பத்தைப் பற்றி மட்டும் எழுதினால், அங்கே ஓவர்கேம் போடலாம். யார் வென்றார்கள், எதை வென்றார்கள் என்று கேட்காமல் இந்தச் சொல்லைப் பெரிய வரலாற்றின் மேல் தூக்கி வைப்பது தோற்றவர்களுக்குச் செய்யும் அநியாயம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

கடைசியாக, இந்தச் சொல் மார்க்கைத் தாண்டி வாழ்க்கைக்கு வரும் இடம். ஆசிரியர் பயிற்சிக் கழகம், தாதியர் கல்லூரி, உபகாரச் சம்பளம், எதற்குப் போனாலும் இண்டர்வியூவில் ஒரு கேள்வி வர வாய்ப்பு உண்டு. நீங்கள் ஓவர்கம் செய்த ஒரு சவாலைச் சொல்லுங்கள். தோட்டத்துப் பிள்ளைகள் இங்கே இரண்டு விதமாகத் தடுமாறுவதைப் பார்க்கிறேன். ஒன்று, 'ஐ ஓவர்கேம் மெனி சேலஞ்சஸ்' என்று மொத்தமாக ஒரு மூட்டையை வைத்துவிடுவது. இன்னொன்று, வறுமையைச் சொல்லி அழுதுவிடுவது. இரண்டும் வேண்டாம். கேட்பவருக்கு உங்கள் கஷ்டத்தின் அளவு தேவையில்லை, நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதுதான் தேவை.

இப்படிச் செய்யுங்கள். சின்னதாக, கையில் பிடிக்கக்கூடிய ஒரு தடையைத் தேர்ந்தெடுங்கள். என்னிடம் படித்த ஒரு தம்பி முதலில் 'மெனி சேலஞ்சஸ்' என்றுதான் எழுதினான். "எது, ஒன்றைச் சொல்லு" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தான். "டீச்சர், தமிழ்ப்பள்ளி முடிச்சு இடைநிலைப்பள்ளிக்குப் போனப்போ அறிவியல் கேள்விக்கு விடை தெரியும், மலாய்ல சொல்ல வராது. எழுந்து நின்னா வாய் ஒட்டிக்கும்" என்றான். அப்புறம் என்ன செய்தாய் என்றேன். பாடத்தில் வரும் மலாய்ச் சொற்களைப் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிவைத்து, ஓய்வு நேரத்தில் கேண்டீனில் ஒரு மலாய் நண்பனைக் கேள்வி கேட்கச் சொன்னானாம். நண்பனுக்குக் கணக்கு இவன் சொல்லிக்கொடுத்தானாம். அடுத்த ஆண்டு தானாகக் கையைத் தூக்கினானாம். இவ்வளவையும் வைத்துக்கொண்டு 'மெனி சேலஞ்சஸ்' என்று எழுதியிருக்கிறான்!

அந்தக் கதையை அவன் சொன்ன வரிசையிலேயே எளிய வாக்கியங்களாக அடுக்கினோம். தடை இரண்டு வரி, செய்த வேலை மூன்று வரி. ஓவர்கேம் கடைசி வரியில்தான் வந்தது. 'பை ஃபார்ம் டூ, ஐ ஹாட் ஓவர்கம் மை ஃபியர் ஆஃப் ஸ்பீக்கிங் இன் க்ளாஸ்.' இரண்டாம் படிவத்துக்குள் வகுப்பில் பேசும் பயத்தை வென்றுவிட்டிருந்தேன். வேலையைச் சொன்ன பிறகு வருவதால் அந்த வரியை யாராலும் சந்தேகப்பட முடியாது. முதல் வரியிலேயே வைத்திருந்தால் வெறும் பெருமையாகக் கேட்டிருக்கும். இன்னும் முழுதாக வெல்லவில்லை என்றால் அதையும் மறைக்க வேண்டாம். 'ஐ ஆம் ஸ்டில் வொர்க்கிங் டு ஓவர்கம் இட்' என்று சொல்லலாம். கேட்பவர்கள் அதை மதிப்பார்கள். செய்த வேலையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

பழகிப் பார்க்க நான்கு வாக்கியங்கள் தருகிறேன், ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். தண்ணீர்ப் பயத்தை வென்றேன். வெயிலில் மயங்கி விழுந்தார். அக்கா டெங்கிக் காய்ச்சலில் இருந்து தேறினாள். எங்கள் ஊர் நெரிசலைக் குறைக்க வேண்டும். ஓவர்கம் இதில் முதல் இரண்டுக்கு மட்டுமே வரும், இரண்டாவதில் தலைகீழாக, 'வாஸ் ஓவர்கம் பை த ஹீட்'. மூன்றாவதுக்கு ரிகவர் ஃப்ரம், நான்காவதுக்கு ரெட்யூஸ். நான்கும் சரியாக வந்துவிட்டால் ஐந்தாவதாக உங்கள் சொந்த வாக்கியம் ஒன்றை எழுதுங்கள், நடந்து முடிந்த ஒன்றாக இருக்கட்டும்.